ஒயில் மாற்றும் கூலி: மிச்சம் பிடிக்கலாமா, கொடுத்துவிடலாமா?

வாடகை, மின்கட்டணம், ஊழியர் சம்பளம் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக ஒரு சிறு வியாபாரியின் மாதக் கணக்கில் பெரிதாக நிற்பது வேன் அல்லது லொறியின் செலவுதான். டீசலைக் குறைக்க வழியில்லை. தேய்ந்த டயரோடு ஓடவும் முடியாது. ஆகவே "எதில் மிச்சம் பிடிக்கலாம்" என்று பார்க்கும்போது கண் போய் நிற்கும் இடம் சேர்விஸ் பில்.

"நட்டக் கழட்டிப் பழைய ஒயில எறக்கிட்டு, புது ஒயில ஊத்துற வேலதானே நாநா. இதுக்கு ஏன் சும்மா காசு குடுக்கணும்? கடப் பொடியன வெச்சே செஞ்சிக்கலாமே" என்று, கடைகளுக்குச் சில்லறைச் சாமான்கள் விநியோகிக்கும் சகோதரர் ஒருவர் அண்மையில் என்னிடம் கேட்டார். இதே கேள்வியை வேறு பலரும் கேட்டிருக்கிறார்கள். வியாபாரிகளின் கணக்குகளைப் பார்த்து வருபவன் என்ற வகையில், இதற்கு "ஆம்" அல்லது "இல்லை" என்று ஒற்றைச் சொல்லில் பதில் சொல்ல முடியாது என்றே நினைக்கிறேன். எந்த வாகனம், மாதம் எத்தனை கிலோமீற்றர் ஓடுகிறது, வேலையைச் செய்யப்போவது யார், பிழைத்துப்போனால் பொறுப்பு யாருடையது ஆகிய நான்கையும் பார்த்த பின்னரே பதில் சொல்லலாம்.

வாகனம் இன்று முதலீடு

முன்பெல்லாம் ஒரு வேன் பழுதானால் விற்றுவிட்டு, கொஞ்சம் காசு போட்டு வேறொன்று வாங்கும் வழக்கம் இருந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதோடு அந்தக் கணக்கு மாறிவிட்டது. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில், மார்ச் ஆரம்பத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர் மே மாதமளவில் 360 ரூபா வரை ஏறியது. உதிரிப் பாகம், ஒயில், பில்டர் எல்லாவற்றின் விலையும் அதோடு ஏறின. தனியார் வாகன இறக்குமதிக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அப்போதும் விதிக்கப்பட்ட வரிகளினால் விலைகள் பழைய நிலைக்கு இறங்கவில்லை.

ஆகவே இன்று ஒரு வியாபாரியின் முற்றத்தில் நிற்கும் பழைய வேன் வெறும் இரும்பல்ல. கடையில் உள்ள சரக்கைப் போல, சில வேளை அதைவிடப் பெரிய முதலீடு. அதன் உயிர் எஞ்சினில் இருக்கிறது. எஞ்சினின் உயிர் ஒயிலில் இருக்கிறது. எஞ்சின் ஒரு முறை இறுகிப் பிடித்துவிட்டால் அதைத் திருத்த இலட்சக் கணக்கில் செலவாகும். சில நூறு ரூபாவை மிச்சம் பிடிக்கப்போய் அந்த இலட்சங்களை ஆபத்தில் போடுகிறோமா என்பதுதான் இங்கே உண்மையான கேள்வி.

முதலில் கூட்டிக் கழித்துப் பார்ப்போம்

விலைகள் ஊருக்கு ஊர் மாறும். ஆகவே கீழே உள்ளவற்றை உதாரணமாக மாத்திரம் எடுத்துக்கொண்டு, உங்கள் ஊர் விலைகளைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒயிலும் பில்டரும் இரண்டு வழியிலும் வாங்கத்தான் வேண்டும். நாமே செய்வதால் மிச்சமாவது கூலியும், சேர்விஸ் நிலையம் ஒயில் விலையில் வைக்கும் சிறு இலாபமும் மாத்திரமே. இது ஒரு தடவைக்கு 2,500 ரூபா என்று வைத்துக்கொள்வோம்.

விநியோக வேன் ஒன்று மாதம் 2,500 கிலோமீற்றர் ஓடுகிறது. 5,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை ஒயில் மாற்றுவதென்றால் வருடத்துக்கு 6 தடவை. மிச்சம் 15,000 ரூபா. இனி செலவைப் பாருங்கள். ஒழுங்கான இரண்டு ஜக் ஸ்டேண்ட், சரியான அளவுச் சாவிகள், பில்டர் கழற்றும் சாவி, ஒயில் பிடிக்கும் தட்டு எல்லாம் சேர்த்து 20,000 ரூபா என்றால், போட்ட காசு திரும்பி வர 16 மாதங்கள் செல்லும்.

வீட்டுக் கார் மாதம் 1,000 கிலோமீற்றர்தான் ஓடுகிறதென்றால் ஐந்து மாதத்துக்கு ஒரு தடவைதான் ஒயில் மாற்ற வேண்டும். வருடத்துக்குச் சராசரியாக மிச்சம் 6,000 ரூபா. அதே சாமான்களின் விலை திரும்பி வர மூன்று வருடத்துக்கும் மேலாகும்.

இதில் நேரத்தின் விலையை இன்னும் சேர்க்கவில்லை. வாகனத்தைச் சமதரையில் நிறுத்தி, உயர்த்தி, ஒயில் வடியும்வரை காத்திருந்து, துடைத்து, பழைய ஒயிலை ஒழுங்குபடுத்தி முடிக்கப் பழகியவருக்கே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் செல்லும். அந்த நேரம் வெள்ளிக்கிழமை பின்னேரம் போன்ற ஓய்வு நேரமானால் நட்டமில்லை. கடையில் வாடிக்கையாளர் நிற்கும் நேரமானால் மிச்சம் பிடித்தது கல்லாவில் குறைந்திருக்கும்.

நாமே செய்வதன் நன்மைகள்

இதையெல்லாம் சொல்வதால் நாமே செய்வது முட்டாள்தனம் என்று அர்த்தமல்ல. அதில் காசுக்கு அப்பாற்பட்ட இரண்டு நன்மைகள் உண்டு.

முதலாவது, எஞ்சினுக்குள் எந்த ஒயில் போனது என்பது நமக்கு நிச்சயமாகத் தெரியும். எனக்குத் தெரிந்த ஒரு லொறிக்காரர் நல்ல ஒயிலுக்கே காசு கொடுத்து வந்தார். ஒரு நாள் பக்கத்தில் நின்று பார்த்தபோதுதான், கராஜில் பெயர் தெரியாத பீப்பாயிலிருந்து எடுத்து ஊற்றுவது தெரிய வந்தது. எல்லா இடமும் அப்படியல்ல. அல்லாஹ்வுக்குப் பயந்து நேர்மையாகத் தொழில் செய்யும் பாஸ்மார் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் கண்ணால் பார்க்காததை நிச்சயமென்று சொல்ல முடியாது.

இரண்டாவது, தன் வாகனத்தை அறிந்துகொள்ளல். கீழே படுத்துப் பார்ப்பவருக்கு எங்கே கசிகிறது, எந்த ரப்பர் வெடித்திருக்கிறது என்பது தெரியும். அப்படித் தெரிந்தவரை எந்தக் கராஜிலும் இலகுவில் ஏமாற்ற முடியாது.

எங்கே பிழைக்கிறது?

வேலை சிறியது. ஆனால் அதில் பிழைக்கும் இடங்கள் சில உண்டு. பழைய பில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதைக் கவனிக்காமல் புதிய பில்டரைப் பூட்டினால் இரண்டு வளையங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக நிற்கும். நிறுத்தி வைத்திருக்கும்போது கசியாது. எஞ்சின் ஓடி அழுத்தம் ஏறும்போது பீய்ச்சி அடித்து, சில நிமிடங்களில் ஒயில் முழுவதும் வெளியேறிவிடலாம். நான் அறிந்த ஒரு வர்த்தகரின் வேன் கடுகண்ணாவை ஏற்றத்தில் இப்படித்தான் நின்றது. ஒயில் மாற்றியவர் அவரது கடை உதவியாளர். மிச்சம் பிடித்தது ஒரு நாள் கூலி. போனது எஞ்சின். அந்தப் பையனைக் குறை சொல்வதில் நியாயமில்லை. தெரியாத வேலையை அவனிடம் கொடுத்தது யார் என்பதே கேள்வி.

சம்ப் நட்டை அளவுக்கு மீறி இறுக்கினால் மரை தேய்ந்துவிடும். அதுவும் அலுமினியச் சம்ப் என்றால் சீக்கிரம் போய்விடும். இறுக்கம் போதாவிட்டால் ஓட்டத்தில் கழன்று விழும். பழைய வாஷரையே திரும்பப் போட்டால் சொட்டுச் சொட்டாகக் கசியும். ஒயில் குறைந்தால் மட்டுமல்ல, கூடினாலும் கெடுதிதான். கூடிய ஒயிலைச் சுழலும் கிராங்க் தண்டு அடித்து நுரையாக்கிவிடும். நுரைத்த ஒயில் எஞ்சினைக் காப்பாற்றாது.

எல்லாவற்றையும் விடப் பெரியது உயிராபத்து. டயர் மாற்றும் ஜக்கை மட்டும் நம்பி எந்த வாகனத்தின் கீழும் ஒருபோதும் போகக் கூடாது. ஜக் வழுக்கினாலோ, மண் தரையில் சாய்ந்தாலோ தப்ப நேரமிருக்காது. சமமான கொங்கிரீட் தரை, ஜக் ஸ்டேண்ட், மற்றைய சக்கரங்களுக்குக் கட்டை, இழுத்துவிட்ட கைப்பிரேக் ஆகிய நான்கும் இல்லாவிட்டால் இந்த வேலையைத் தொடாதீர்கள். ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்கள் இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சத்தமில்லாமல் நிற்பதால் எஞ்சின் அணைந்துவிட்டது என்று அர்த்தமல்ல. வாகனம் இயங்கும் நிலையில் இருந்தால் எஞ்சின் தானாகவே கிளம்பும். முழுமையாக அணைத்து, சாவியைத் தூர வைத்த பின்னரே கை வைக்க வேண்டும்.

சேர்விஸ் நிலையத்தில் நாம் வாங்குவது என்ன?

நல்ல சேர்விஸ் நிலையத்துக்குக் கொடுக்கும் காசு ஒயில் மாற்றும் கூலி மட்டுமல்ல. வாகனம் உயர்த்தப்படுகிறது, கீழ்ப்பகுதி கழுவப்படுகிறது, கிரீஸ் அடிக்கப்படுகிறது. அனுபவமுள்ள ஒருவர் அடியில் நின்று நோட்டம் விடுகிறார். பிரேக் குழாயில் வெடிப்பு, ரப்பர் கிழிவு, கியர்பொக்ஸ் கசிவு என்பவற்றைக் காலத்தோடு கண்டு சொல்வதே அந்தக் கூலியின் பெரும்பகுதிக்கு ஈடாகும். வாகனத்தைக் கழுவிக் கொடுத்து, அடியைப் பார்க்காமல் பில் எழுதும் இடமென்றால் அந்தப் பெறுமதி கிடைக்காது. ஆகவே "அடியில் என்ன கண்டீர்கள்?" என்று ஒவ்வொரு தடவையும் கேளுங்கள். பதில் வராத இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

உத்தரவாதக் காலத்திலுள்ள புதிய வாகனமென்றால் யோசிக்க ஒன்றுமில்லை. உத்தரவாதப் பத்திரம் சொல்லும் இடத்தில், சொல்லும் தவணையில் செய்து, முத்திரை குத்தி வாங்குங்கள். நாளை எஞ்சினில் கோளாறு வந்து உரிமை கோரப் போனால் முதலில் கேட்பது சேர்விஸ் பதிவைத்தான்.

ஒயில் வாங்கும்போது

யார் மாற்றினாலும் ஒயிலைத் தெரிந்து வாங்குவது உரிமையாளரின் கடமை. கலனில் 15டபிள்யூ-40 என்பது போல் இரண்டு இலக்கங்கள் இருக்கும். முதலாவது, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஒயில் எவ்வளவு இலகுவாக ஓடும் என்பதைக் காட்டும். இரண்டாவது, எஞ்சின் சூடேறிய நிலையில் அதன் தடிப்பு. பழைய டீசல் வேன்களுக்கு 15டபிள்யூ-40 பொருந்தும் என்றால், அண்மைக்கால ஹைபிரிட் கார்கள் பலவற்றுக்கு 0டபிள்யூ-20 போன்ற மெல்லிய ஒயில்தான் சொல்லப்பட்டிருக்கும். "தடித்த ஒயில்தான் நல்லது" என்ற பழைய நம்பிக்கை அவற்றுக்குப் பொருந்தாது.

அடுத்து ஏபிஐ தரக் குறியீடு. எஸ் என்ற எழுத்தில் தொடங்குவது பெற்றோல் எஞ்சினுக்கு. எஸ்என், எஸ்பி என்பன உதாரணம். சி என்ற எழுத்தில் தொடங்குவது டீசலுக்கு. சிஐ-4, சிகே-4 போன்றவை அவ்வகை. வாகனத்தோடு வந்த கைந்நூலில் இருப்பதையே பின்பற்றுங்கள். கடைக்காரர் கையில் இருப்பதை அல்ல.

1994இல் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் ஒயில் வியாபாரம் தனியார் கைக்குப் போனது. பின்னர் ஏனைய கம்பனிகளுக்கும் சந்தை திறந்துவிடப்பட்டது. இன்று தெரிவு அதிகம். அதோடு போலியும் உண்டு. மூடியின் அடியிலுள்ள சீல், உற்பத்தித் திகதி, தொகுதி இலக்கம் ஆகியவற்றைப் பாருங்கள். சந்தை விலையை விட மிகக் குறைவாகக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள். வெறுமையான கலனைச் சும்மா எறியாமல் துளையிட்டு விடுங்கள். போலி ஒயில் அடைப்பவர்களுக்குத் தேவை பெயர் பெற்ற கம்பனியின் நல்ல வெற்றுக் கலன்தான். பஞ்சிகாவத்தையிலானாலும் சரி, உங்கள் ஊரிலானாலும் சரி, பில் தரும் கடையில் வாங்குங்கள். பில் இருந்தால் நாளை கேட்கலாம். வியாபார வாகனமென்றால் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்டவும் அது வேண்டும்.

எத்தனை கிலோமீற்றருக்கு மாற்றுவது என்பதிலும் கைந்நூலே வழிகாட்டி. பாரம் ஏற்றுதல், தூசு நிறைந்த பாதை, நின்று நின்று ஓடும் நகர ஓட்டம் என்பன கடின ஓட்டமாகக் கருதப்படும். அப்படியானால் தவணையைக் குறைக்க வேண்டும். வாகனம் அதிகம் ஓடாவிட்டாலும் கைந்நூல் சொல்லும் மாதக் கணக்கு முடிந்தால் மாற்ற வேண்டும். டீசல் எஞ்சினில் ஒயில் சீக்கிரம் கறுப்பது இயல்பு. கரியைத் தன்னில் ஏந்திக்கொள்வதும் ஒயிலின் வேலைதான். நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் ஓடிய தூரத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பழைய ஒயில் எங்கே போகிறது?

வீட்டில் ஒயில் மாற்றும் பலர் இதை யோசிப்பதே இல்லை. ஒரு தடவை மாற்றிய ஒயில் பத்து இலட்சம் கலன் நன்னீரை மாசுபடுத்தப் போதுமானது என்று அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனம் சொல்கிறது. எமது ஊர்களில் பெரும்பாலும் வீட்டுக் கிணற்றுக்கும் வாகனம் நிற்கும் முற்றத்துக்கும் இடையில் சில அடிகள்தான். காணில் ஊற்றுவது அடுத்த வீட்டுக் கிணற்றில் ஊற்றுவதற்குச் சமம். கறையானுக்கென்று மரங்களில் பூசும் வழக்கமும் நல்லதல்ல. பாவித்த ஒயில் தோலில் தொடர்ந்து படுவது உடலுக்குக் கேடு. அதே கலனில் ஊற்றி மூடி, பழைய ஒயில் சேர்க்கும் சேர்விஸ் நிலையத்தில் ஒப்படையுங்கள். கலனை அதன் பிறகு துளையிடச் சொல்லுங்கள். ஒப்படைக்க இடமில்லாதவர் வீட்டில் ஒயில் மாற்றாமல் இருப்பதே நல்லது. அயலவரின் உரிமை பற்றி நமக்குப் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை.

எனது முடிவு

விநியோக வேனை நம்பிப் பல கடைகளின் ஓடர் நிற்கிறது. அதை ஓட்டும் சாரதியின் உயிரும் அதில் இருக்கிறது. ஆகவே வியாபார வாகனத்தின் ஒயிலை வேலை தெரிந்தவரிடம் மாற்றுவதையே நான் சிபாரிசு செய்கிறேன். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல. ஒயிலையும் பில்டரையும் நாமே வாங்கிக் கொண்டுபோய், பக்கத்தில் நின்று, நம் கண்முன் சீலை உடைத்து ஊற்ற வைத்து, கூலியைத் தாமதியாமல் கொடுத்துவிட்டு வரலாம். ஒயில் விலையில் வரும் மிச்சம் நமக்கு. வேலையின் பொறுப்பு தெரிந்தவர் கையில். ஒயிலைக் கொண்டுவர அனுமதிக்காத இடமென்றால், அவர்கள் ஊற்றும் ஒயிலின் கலனைப் பார்த்து, அதன் பெயரையும் தரத்தையும் பில்லில் எழுதி வாங்குங்கள்.

வீட்டுக் காரை ஆர்வமும் இடமும் கருவியும் உள்ளவர் தாமே செய்துகொள்ளலாம். முதல் இரண்டு தடவையும் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முடித்ததும் சில நிமிடங்கள் எஞ்சினை ஓட விட்டு, கசிகிறதா என்று பாருங்கள். அணைத்துச் சற்றுப் பொறுத்து டிப்ஸ்டிக் கம்பியில் அளவைப் பாருங்கள். அடுத்த நாள் காலையில் வாகனம் நின்ற இடத்தில் சொட்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். நான்கு, ஐந்து வாகனங்கள் வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. அவர்கள் ஒரு குழியும் கட்டி, பயிற்சி பெற்ற ஒருவரை நியமிப்பது இலாபமாக இருக்கலாம். ஆனால் "பயிற்சி பெற்ற" என்ற சொல்லை விட்டுவிட வேண்டாம்.

எந்த வழியானாலும் ஒவ்வொரு வாகனத்துக்கும் பத்து ரூபாவோ நூறு ரூபாவோ கொடுத்து ஒரு கொப்பி வாங்குங்கள். திகதி, மீற்றர் வாசிப்பு, ஒயிலின் பெயரும் தரமும், பில்டர், செய்தவர், செலவு, அடுத்த தவணை ஆகிய ஏழையும் எழுதுங்கள். சாரதி மாறினாலும் கொப்பி மாறாது. வாகனத்தை விற்கப் போகும் நாளில் வாங்குபவருக்கு அதைக் காட்டினால் பேச்சு வேறு விதமாக இருக்கும். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு போதிக்கப்பட்ட சமூகம் நாம். உழைத்துத் தரும் வாகனத்தின் கணக்கை எழுதாமல் விடுவது எவ்வகையில் பொருந்தும்?

ரமழானும் ஹஜ்ஜுப் பெருநாளும் வரும்போது வேன்கள் ஓய்வில்லாமல் ஓடும். அந்த நேரத்தில் தவணை முடிந்தால் "பெருநாள் போகட்டும்" என்று தள்ளிப் போடுவது எமது வழக்கம். மீற்றரைப் பார்த்து, பெருநாள் வியாபாரம் தொடங்க முன்னரே ஒயிலை மாற்றிவிடுங்கள். ஒரு சேர்விஸுக்குச் செல்வது அரை நாள். வேன் பாதையில் நின்றால் போவது ஒரு பெருநாளின் வியாபாரம்.

வீண்விரயமும் வேண்டாம், உலோபித்தனமும் வேண்டாம். அல்லாஹ் எமது தொழில்களிலும் பயணங்களிலும் பரக்கத் செய்வானாக.